புல் வெட்டியதற்கு நோட்டீஸ் வந்திருக்கிறது, என்ன செய்வது?

அமெரிக்காவின் மேற்கு அயோவாவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய நீண்ட கடிதத்தின் சாரம் இது:

"ஐயா, நானும் மனைவியும் போன வருடம் 110 ஏக்கர் நிலம் வாங்கினோம். அதில் 62 ஏக்கர், பயிர் செய்யாமல் புல் வளர்ப்பதற்கு அரசு வருடா வருடம் குத்தகை கொடுக்கும் சி.ஆர்.பி. (Conservation Reserve Program) என்ற திட்டத்தில் இருக்கிறது, இன்னும் ஆறு வருடம் பாக்கி என்று விற்றவர் சொன்னார். கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருக்கும் வேளாண் துறையின் எஃப்.எஸ்.ஏ. அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு ஒப்பந்தத்தை எங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டோம். ஜூன் மாதம் போய்ப் பார்த்தபோது இடுப்பளவு களை மண்டிக் கிடந்தது. ஆள் வைத்து 9 ஏக்கரை வெட்டிச் சுத்தம் செய்தோம். ஒரு ஓரத்தில் கார் போக ஜல்லி கொட்டிப் பாதையும் போட்டோம். இப்போது ஒப்பந்தத்தை மீறியதாக அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. 'இதையெல்லாம் யாரும் வந்து பார்ப்பதில்லை, பேசாமல் இரு' என்கிறார் பக்கத்து நிலத்துக்காரர். என் சொந்த நிலத்தில் புல் வெட்ட அரசாங்கத்தைக் கேட்க வேண்டுமா? பயிர் செய்யாமல் இருப்பதற்கு ஏன் பணம் கொடுக்கிறார்கள், கொடுத்துவிட்டு ஏன் பின்னாலேயே வருகிறார்கள்?"

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். பேசாமல் இருக்காதீர்கள். கடிதத்தை எடுத்து அதன் கடைசிப் பத்தியைப் படியுங்கள். விளக்கம் கேட்டு வந்த கடிதம் என்றால் அதில் ஒரு தேதி இருக்கும், அதற்குள் நேரில் போங்கள். முடிவே எடுத்துவிட்டார்கள் என்றால் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். அந்த 30 நாள் உங்கள் கைக்குக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து ஓடும். உறையைத் தூக்கி எறிந்திருந்தால் தேடி எடுத்து வையுங்கள்.

பக்கத்து நிலத்துக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் விஷயம் கைமீறினால் போவது அவர் பணம் அல்ல. ஒப்பந்தம் ரத்தானால் இதுவரை கொடுத்த குத்தகைப் பணம் முழுவதையும் வட்டியோடு திருப்பிக் கேட்கலாம், ஒப்பந்தத்தில் எழுதியபடி நட்ட ஈடும் சேரும். நீங்கள் பெயர் மாற்றிக் கையெழுத்திட்டபோது பழைய உரிமையாளரின் கடமைகள் அத்தனையையும் உங்கள் தலையில் ஏற்றுக்கொண்டீர்கள். நிலம் வாங்குகிறவர்களில் பலர் இதைக் கவனிப்பதில்லை. விற்றவரும் தரகரும் வருடா வருடம் வரும் பணத்தைப் பற்றி மட்டும் பேசுவார்கள், கூடவே வரும் கட்டுகளைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. தெரியாமல் செய்த தவறுக்கு விதியிலேயே இடம் இருக்கிறது. ஒப்பந்தத்தை ரத்து செய்யும் அளவுக்குப் பெரிய மீறல் இல்லை என்று கருதினால், அந்த வருடத் தொகையில் ஒரு பகுதியைக் குறைத்து, சரிசெய்யச் சொல்லிவிட்டு, மீதியைத் தொடர விடலாம். 62 ஏக்கரில் 9 ஏக்கர் வெட்டுப்பட்டிருக்கிறது, மண்ணை யாரும் உழவில்லை, வேர் அப்படியே இருக்கிறது. நானாக இருந்தால் இதைக் கவலைப்பட வேண்டிய ஆனால் தீர்க்கக்கூடிய பிரச்சினை என்றுதான் வைப்பேன். ஜல்லிப் பாதை வேறு மாதிரி. அதற்குப் பிறகு வருகிறேன்.

"என் சொந்த நிலம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நிலம் உங்களுடையதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த 62 ஏக்கரின் மேற்பரப்பை நீங்கள் குத்தகைக்கு விட்டிருக்கிறீர்கள், குத்தகைக்காரர் அமெரிக்க அரசு. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, நடுவில் போய்ச் சமையலறைச் சுவரை இடித்தால் வாடகைக்காரர் கேட்பாரா மாட்டாரா? இங்கே வாடகைக்காரர் குடியிருக்கவில்லை, புல்லாகவும் பறவையாகவும் குடியிருக்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

பயிர் செய்யாமல் இருப்பதற்குப் பணம் என்று சொல்லும்போது நம் ஆட்கள் எல்லோருக்கும் அது விசித்திரமாகப் படுகிறது. காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. உழாத நிலத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் தரிசு. அந்தச் சொல்லைக் கேட்டாலே பாழ், சோம்பல் என்றுதான் மனம் போகும். சி.ஆர்.பி. நிலம் தரிசு அல்ல. எந்தப் புல், எந்தப் பூச்செடி, ஏக்கருக்கு எவ்வளவு விதை என்று திட்டம் போட்டு விதைத்து வளர்த்த நிலம். விதைக்கும் செலவில் பாதி வரை அரசே கொடுக்கும்.

உங்கள் நிலம் இருக்கும் பகுதியின் மண்ணை எடுத்துப் பாருங்கள். மேற்கு அயோவாவின் லோஸ் குன்றுகள் முழுக்க, பனியுகத்தின்போது மிசௌரி ஆற்றுப் படுகையிலிருந்து காற்று அள்ளிவந்து கொட்டிய நுண்மண். சில இடங்களில் 200 அடி வரை ஆழம். இவ்வளவு தடிமனாக இந்த மண் படிந்த இடங்கள் உலகில் அபூர்வம், சீனாவின் மஞ்சள் மண் மேட்டு நிலத்தை இதோடு சேர்த்துச் சொல்வார்கள். கையில் எடுத்தால் மாவு மாதிரி இருக்கும். சரிவில் உழுதுவிட்டு ஒரு பெருமழை பெய்தால் ஓடைக்குப் போய்விடும். வேர் பிடித்திருக்கும் வரைதான் அது குன்று.

1930-களில் சமவெளி மாநிலங்களில் மண் புயலாக எழுந்தபோதுதான் இந்த நாட்டுக்குப் புத்தி வந்தது. 1935-இல் மண் பாதுகாப்புக்கென்றே ஒரு துறை தொடங்கினார்கள். 1956-இல் மண் வங்கி என்ற பெயரில் நிலத்தை ஓய்வில் வைக்கும் திட்டம் வந்தது. 1970-களில் எல்லாம் தலைகீழ். வேளாண் அமைச்சராக இருந்த ஏர்ல் பட்ஸ், வேலியிலிருந்து வேலி வரை விதையுங்கள் என்றார். விதைத்தார்கள், சரிவுகளையும் விடவில்லை. 1980-களில் விலை சரிந்தது, கடன் கழுத்தை நெரித்தது, மண்ணும் போனது. அப்போதுதான், 1985 டிசம்பரில் நிறைவேறிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில், சி.ஆர்.பி. பிறந்தது. பத்து முதல் பதினைந்து வருட ஒப்பந்தம், வருடா வருடம் குத்தகை.

ஏன் பின்னாலேயே வருகிறார்கள் என்ற உங்கள் கேள்விக்குப் பதில் முதல் நான்கு வருடங்களில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

சட்டம் நான்கு கோடி ஏக்கருக்குக் குறையாமல் சேர்க்கச் சொன்னது. எண்ணிக்கை இலக்கு கையில் இருந்தால் எந்த அலுவலகமும் எண்ணிக்கையைத்தான் துரத்தும். 1986 முதல் 1989 வரை ஒன்பது விண்ணப்பச் சுற்றில் சுமார் 3.4 கோடி ஏக்கர் சேர்த்துவிட்டார்கள். விவசாயி தன் ஏக்கருக்கு என்ன குத்தகை வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அரசு ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு உச்சவரம்பு வைத்திருந்தது, ஆனால் அதை வெளியே சொல்லவில்லை. முதல் ஓரிரு சுற்றிலேயே எது தேறியது, எது திரும்பியது என்று காபிக் கடைகளில் பேசி உச்சவரம்பு எல்லோருக்கும் தெரிந்துபோனது. அப்புறம் எல்லோரும் அந்த எண்ணையே எழுதினார்கள். மழை குறைந்த சமவெளிப் பகுதிகளில் அந்த எண் ஊர்க் குத்தகையைவிட அதிகம், அங்கிருந்து நிலம் குவிந்தது. நீர் மாசுபடும் அபாயம் அதிகமுள்ள மக்காச்சோளப் பிரதேசத்தில் அந்த எண் போதவில்லை, நிலம் வரவில்லை. ஆக, பணம் சென்ற இடம் ஒன்று, மண்ணும் நீரும் காப்பாற்றப்பட வேண்டிய இடம் இன்னொன்று.

நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 1989-இல் இதைச் சுட்டிக்காட்டி அறிக்கை கொடுத்தது. இன்னும் குறைந்த செலவில், இன்னும் அதிகப் பலனோடு செய்திருக்கலாம் என்பதுதான் அதன் முடிவு. அடுத்த வருடச் சட்டத்துக்குப் பிறகு முறை மாறியது. ஊர் முழுவதற்கும் ஒரே உச்சவரம்பு என்பது போய், உங்கள் வயலின் மண் வகை என்ன, அந்த மண்ணுக்கு அந்தக் கவுண்டியில் குத்தகை என்ன என்று பார்த்து வரம்பு வைக்கிறார்கள். நிலத்துக்கு மதிப்பெண் போடும் முறையும் வந்தது. வனவிலங்குக்கு எவ்வளவு உதவும், நீரின் தரம், மண் அரிப்பு, காற்று, ஒப்பந்தம் முடிந்த பிறகும் நிலைக்கும் பலன், செலவு என்று தனித்தனியாகப் புள்ளி போட்டுக் கூட்டுகிறார்கள். பொதுச் சுற்றில் விண்ணப்பித்தவர்களில் புள்ளி கூடியவர்களுக்கே இடம்.

உங்கள் 62 ஏக்கர் அப்படிப் புள்ளி வாங்கித்தான் உள்ளே வந்திருக்கக்கூடும். பழைய உரிமையாளர் வெறும் புல்லுக்குப் பதிலாகப் பல வகை நாட்டுப் புல்லும் பூச்செடியும் விதைக்கிறேன் என்று சொல்லி அந்தப் புள்ளிகளைக் கூட்டியிருக்கலாம். நீங்கள் களை என்று வெட்டியதில் அந்தப் புள்ளிகளும் அடக்கம். அதனால்தான் கேட்கிறார்கள்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெட்டிய ஓரத்தில் அகலமான இலையோடு சாம்பல் பச்சையாக நிற்பது மில்க்வீட். தண்டை உடைத்தால் பால் வடியும், நம்மூர் எருக்கின் குடும்பம். எருக்கில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுமே, அதன் உறவான மொனார்க் இங்கே மில்க்வீட்டில்தான் முட்டையிடும், வேறு செடியில் அதன் புழு வளராது. தெரியாதவர் கண்ணுக்கு அது களைதான். எனக்கும் இந்த ஊருக்கு வந்த புதிதில் அப்படித்தான் தெரிந்தது. அதே நேரம், கனடா திஸில் மாதிரி நிஜமான முள் களையும் அங்கே இருக்கலாம். அதை ஒழிப்பது உங்கள் கடமை, விட்டாலும் மீறல்தான். எது எது என்று தெரியாமல் கத்தியை இறக்கக்கூடாது, அவ்வளவுதான் நான் சொல்வது.

வெட்டிய மாதமும் ஒரு பிரச்சினை. அயோவாவில் மே 15 முதல் ஆகஸ்ட் 1 வரை பறவைகள் கூடு கட்டும் காலம் என்று வரையறுத்திருக்கிறார்கள். ஃபெசன்ட் தரையில் புல்லுக்குள் கூடு வைக்கும். ஜூனில் பெட்டை முட்டையின் மேல் உட்கார்ந்திருக்கும், டிராக்டர் சத்தம் கேட்டாலும் சட்டென்று எழாது. சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் 9 ஏக்கரில் என்ன நடந்திருக்கும் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்துக்குள் முள் களையைக்கூட இடம் குறித்து, முன்கூட்டியே அனுமதி வாங்கித்தான் வெட்டலாம்.

அரசு எப்படிக் கண்டுபிடித்தது என்று ஆச்சரியப்பட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு வருடமும் எந்த வயலில் என்ன இருக்கிறது என்று அலுவலகத்தில் கணக்குக் கொடுக்க வேண்டும், நம்மூர் அடங்கல் மாதிரி. இங்கே எழுதுவது வி.ஏ.ஓ. அல்ல, நீங்களே எழுதிக் கையெழுத்திட வேண்டும். வானிலிருந்து எடுத்த படங்கள் அவர்களிடம் உண்டு, வயல் எல்லையை அதன் மேல் வைத்துப் பார்த்தால் புதிதாக வெட்டிய சதுரமும் வெள்ளைக் கோடாக ஜல்லியும் பளிச்சென்று தெரியும். இது போக, சில ஒப்பந்தங்களைத் தேர்ந்தெடுத்து நேரில் போயும் பார்ப்பார்கள். பக்கத்து நிலத்துக்காரர் சொன்னதில் பாதி உண்மை இங்கேதான் இருக்கிறது. எல்லா வயலுக்கும் எல்லா வருடமும் ஆள் வருவதில்லை. 2025-இல் வேளாண் துறையிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வெளியேறிய பிறகு நேரில் நடந்து பார்க்கும் கால்கள் இன்னும் குறைந்திருக்கின்றன.

என் மனக்குறையும் இதுதான். உழுதிருக்கிறதா, வெட்டியிருக்கிறதா என்பதை மேலிருந்து பார்த்துவிடலாம். உள்ளே என்ன வளர்கிறது என்பது மேலிருந்து தெரியாது. சில வருடத்துக்கு முன் ஒருவருடைய நிலத்தைப் பார்க்கப் போனேன். ஒப்பந்தக் காலம் முழுக்கக் காகிதம் ஒழுங்கு, படத்தில் பச்சை, ஒரு கேள்வியும் வந்ததில்லை. உள்ளே நடந்தால் பாதி சிவப்பு சீடர் மரம் அடைத்துவிட்டது, மீதி முழுக்க இறக்குமதிப் புல்லான ப்ரோம் மட்டும் பாய் விரித்த மாதிரி. விதைத்த பூச்செடிகளில் நான் தேடி எடுத்தது நான்கைந்து. ஒரு தடவை முறையாகத் தீ வைத்திருந்தால் மரம் வந்திருக்காது. அந்த உரிமையாளர் எந்தப் படிவத்திலும் பொய் எழுதவில்லை, எந்தக் கேள்விக்கும் தவறான பதில் சொல்லவில்லை. அவரை யாரும் கேட்கவில்லை. ஆண்டுக்குச் சுமார் 180 கோடி டாலர் செலவாகும் திட்டத்தில், நிலத்துக்குள் நடந்து பார்ப்பதற்கு ஆகும் செலவை மிச்சம் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்களுக்கு வந்த கடிதத்தைக் கண்டு நான் வருத்தப்படவில்லை என்றால் அதனால்தான். யாரோ பார்த்திருக்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அரசு தாராளமாகக் குத்தகை கொடுத்தால், நிலம் தேடும் இளம் விவசாயி அரசோடு போட்டி போட வேண்டியிருக்கும். உள்ளூர் விதைக் கடை, உரக்கடை, தானியக் கிடங்கு எல்லாம் படுத்துவிடும். அதனால்தான் ஒரு கவுண்டியின் பயிர் நிலத்தில் 25 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று பொதுவான வரம்பு இருக்கிறது, ஒருவருக்கு வருடத்துக்கு 50,000 டாலர் வரை மட்டும் என்ற வரம்பும் இருக்கிறது. 2018 வேளாண் சட்டம் பொதுச் சுற்றில் குத்தகையைக் கவுண்டி சராசரியில் 85 சதவீதமாகக் குறைத்தது. இந்த வரம்புகளை நான் ஆதரிக்கிறேன், 85 என்பது மக்காச்சோளப் பிரதேசத்தின் நல்ல மண்ணுக்குக் கொஞ்சம் குறைவு என்றாலும். 2007-இல் 3.68 கோடி ஏக்கர் வரை போன திட்டம் பிறகு வெகுவாகச் சுருங்கியதற்கு மக்காச்சோள விலையும் காரணம், நாடாளுமன்றம் அளவைக் குறைத்ததும் காரணம்.

சரி, இனி நீங்கள் செய்ய வேண்டியது. அலுவலகத்துக்குப் போன் செய்து நேரம் வாங்குங்கள். போகும்போது கடிதம், ஒப்பந்தம், அதோடு இணைத்த பராமரிப்புத் திட்டம், வயல் வரைபடம் நான்கும் கையில் இருக்கட்டும். பராமரிப்புத் திட்டம் உங்களிடம் இல்லை என்றால், எனக்குத் தோன்றுகிறது விற்றவர் கொடுக்கவே இல்லை என்று, அங்கேயே ஒரு நகல் கேளுங்கள். உங்களுக்கு அதை யாரும் கொடுக்கவில்லை என்பதையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். வெட்டிய தேதி, வெட்டிய ஆள், பரப்பு எல்லாவற்றையும் உள்ளபடி ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். தெரியாமல் செய்தோம் என்பது உண்மை, அதை நேராகச் சொல்லுங்கள். வெட்டிய புல்லைக் கட்டி விற்றிருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். புல் அறுவடைக்குத் தனி விதி இருக்கிறது, மூன்று வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் கூடாது, அந்த வருடக் குத்தகையில் 25 சதவீதம் பிடிப்பார்கள், அனுமதியும் முன்கூட்டியே வேண்டும். கடும் வறட்சி அறிவிப்பு வந்தால் மட்டும் பிடித்தம் இல்லாமல் திறந்துவிடுவார்கள்.

முடிவு எடுப்பவர்களில் முக்கியமானவர்கள் கவுண்டிக் குழுவினர். அவர்கள் உங்களைப் போல நிலம் வைத்திருக்கும் உள்ளூர் விவசாயிகள், தேர்தலில் வந்தவர்கள். அவர்களிடம் சட்டம் பேசுவதைவிட நிலத்தைப் பற்றிப் பேசுவது நல்லது. அவர்கள் முடிவு நியாயமில்லை என்று பட்டால் மாநிலக் குழு, சமரசப் பேச்சு, அதற்கு மேல் தேசிய மேல்முறையீட்டுப் பிரிவு என்று வழிகள் இருக்கின்றன. அந்தப் பிரிவு வேளாண் துறைக்குள் இருந்தாலும், உங்கள் வழக்கை முடிவு செய்த அலுவலகத்தின் கீழ் இல்லை. அவ்வளவு தூரம் போக வேண்டியிராது என்றே நினைக்கிறேன்.

ஒன்று மறந்துவிட்டேன். நீங்கள் இருவரும் குடியுரிமை பெற்றவர்கள் என்று எழுதியிருப்பதால் உங்களுக்கு இது இல்லை, ஆனால் இதைப் படிக்கும் பலருக்கு வேண்டும். கிரீன் கார்டுகூட இல்லாமல் வேலை விசாவில் இருப்பவர் விவசாய நிலம் வாங்கினால், 1978-ஆம் வருடச் சட்டப்படி 90 நாளுக்குள் இதே எஃப்.எஸ்.ஏ. அலுவலகத்தில் அறிக்கை கொடுக்க வேண்டும். தவறினால் அபராதம் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை போகலாம். அயோவா மாநிலச் சட்டம் அதைவிடக் கடுமை, அப்படிப்பட்டவர் விவசாய நிலம் வாங்குவதையே பெரும்பாலும் தடுக்கிறது. முன்பணம் கொடுக்கும் முன் வழக்கறிஞரிடம் போங்கள்.

இனி ஜல்லிப் பாதை. புல் திரும்ப வளரும், ஜல்லி வளர விடாது, அதனால் அலுவலகம் இதைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளும். இரண்டு வழி. பாதை கட்டாயம் வேண்டும் என்றால் அந்தத் துண்டை மட்டும் ஒப்பந்தத்திலிருந்து விலக்கக் கேட்கலாம், அந்தத் துண்டுக்குக் கொடுத்த பணத்தை வட்டியோடு கட்ட வேண்டிவரும். வேண்டாம் என்றால் ஜல்லியை அள்ளிவிட்டு, அவர்கள் சொல்லும் விதையை மறுபடி விதைக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தால் தெற்கு வேலியை ஒட்டி ஒப்பந்தத்துக்கு வெளியே 20 அடி அகலத்துக்கு இடம் இருக்கிறது, பாதையை அங்கே மாற்றிக்கொள்ளுங்கள் என்பேன். ஆனால் பயத்தில் இந்த வாரமே ஆளை அனுப்பி அள்ளிவிடாதீர்கள், கூடு கட்டும் காலம் இன்னும் முடியவில்லை. ஆகஸ்ட் முதல் வாரத்துக்கு ஒரு ஒப்பந்தக்காரரிடம் விலை எழுதி வாங்கி, அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போங்கள்.